பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம், ஒரு கேள்வி கேட்க வரவில்லை: இங்கிலீஷ் கிராமரை எங்கே தொடங்குவது?

ஜூன் 3, மாலை

வாசகர் கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இப்போது ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். டென்ஸ் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வெளிமாநிலத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்து நின்றால் ‘எப்போது வந்தீர்கள்’ என்று கேட்க வாய் வரவில்லை. ‘யூ வென் கேம்’, ‘வென் யூ கேம்’, ‘வென் டிட் யூ கேம்’ மூன்றும் நாக்கில் முட்டுகின்றன. கிராமரை மறுபடி முதலிலிருந்து படிக்கணுமா? படித்தால் எதை முதலில்?

ஜூன் 3, இரவு

முதலிலிருந்து வேண்டாம். அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். நீங்கள் எழுதிய மூன்றில் கடைசி மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. ‘வென் டிட் யூ கம்?’ என்பது சரி. ‘கேம்’ ஏன் ‘கம்’ ஆனது என்பது புரிந்துவிட்டால் கிராமரில் பெரிய கதவு ஒன்று திறந்துவிடும்.

‘வந்தீர்கள்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். ‘வா’ பகுதி, ‘த்’ காலம் காட்டும் இடைநிலை, ‘ஈர்கள்’ யார் என்று காட்டும் விகுதி. என்ன வேலை, எப்போது, யார் என்ற மூன்று சேதியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கேள்வியாக்க வேண்டுமா, கடைசியில் ‘ஆ’ சேர்த்தால் தீர்ந்தது: வந்தீர்களா.

ஆங்கில வினையால் இவ்வளவு சுமக்க முடியாது. ‘கேம்’ என்றால் காலம் மட்டும் தெரியும். வந்தது நானா நீயா அவளா என்று தெரியாது. அதனால் ‘யூ’ தனியாக வந்தே ஆக வேண்டும். கேள்வி என்று காட்டவும் ஒட்டு எதுவும் இல்லை. ஆகவே ‘டிட்’ என்ற துணைவினை வந்து ‘யூ’வுக்கு முன்னால் நிற்கிறது. அது வந்ததும் இறந்தகாலத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது, ‘கேம்’ பழையபடி ‘கம்’ ஆகிறது. ஒரு வினைத்தொடரில் காலத்தை ஒரு தடவை காட்டினால் போதும். ‘டிட்’டும் ‘கேம்’மும் சேர்ந்து வந்தால் இரண்டு தடவை காட்டியதாகிவிடும்.

இதே கணக்கு ‘ஹி கம்ஸ்’ என்பதற்கும் பொருந்தும். கேள்வியாக்கினால் ‘டஸ் ஹி கம்?’ ‘கம்ஸ்’ கடைசியில் இருந்த ‘ஸ்’ எங்கே போனது என்று பாருங்கள். ‘டஸ்’ஸுக்குள் போய்விட்டது.

ஜூன் 4

நேற்று எழுதியதை விரிக்கிறேன்.

பெரியவர்களுக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். தையல்காரர்கள், மருந்துக்கடைப் பையன்கள், பிள்ளைகளின் ஸ்கூல் மீட்டிங்கில் ஆசிரியரிடம் பேச வேண்டும் என்று வரும் அம்மாக்கள். ‘நவுன் என்றால் என்ன’ என்று தொடங்கும் வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன். இப்போது தொடக்கம் மூன்று குடும்பங்கள்தான். ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ ஒன்று. ‘டூ, டஸ், டிட்’ ஒன்று. ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ ஒன்று.

கேள்வி கேட்க வேண்டுமா? துணைவினையை முன்னால் கொண்டுவா. மறுக்க வேண்டுமா? துணைவினைக்குப் பின்னால் ‘நாட்’ போடு. சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டுமா? துணைவினையோடு நிறுத்து: ‘யெஸ், ஐ டிட்’, ‘நோ, ஷி இஸ் நாட்’. மூன்று வேலைக்கும் கை வைக்கும் இடம் ஒன்றே. பன்னிரண்டு டென்ஸையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவர்கள் பன்னிரண்டு நேர் வடிவம், பன்னிரண்டு கேள்வி வடிவம், பன்னிரண்டு மறுப்பு வடிவம் என்று முப்பத்தாறு வாக்கியங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பாவம், அவர்களில் பலரும் கடுமையாக உழைப்பவர்கள். உழைப்புக்கு ஏற்ற பலன் அந்த அட்டவணையில் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஜூன் 4, இரவு

விட்டுப்போனது: ‘கேன், வில், ஷுட், மஸ்ட்’ எல்லாமே துணைவினைகள்தான். இவற்றுக்கும் அதே மூன்று விதி. கூடுதலாக ஒரு சலுகை, இவை ஆளுக்கேற்ப மாறாது. ‘ஷி கேன் கம்’தான், ‘கேன்ஸ்’ கிடையாது, ‘கம்ஸ்’ஸும் கிடையாது. தொடக்கத்தில் தைரியம் வர ‘கேன்’ நல்ல சொல். ‘கேன் ஐ ஸீ தட் ஸாரி?’, ‘கேன் யூ வெயிட்?’ என்று கடையில் நாள் முழுக்கப் புழங்கலாம்.

ஜூன் 6

‘கிராமரே தேவையில்லை, குழந்தை இலக்கணம் படித்தா தமிழ் பேசுகிறது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை அடிக்கடி கேட்கிறேன், பாதி ஒத்துக்கொள்கிறேன்.

குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த மொழியைக் கேட்கிறது. அது உளறினாலும் வீடே காத்திருந்து புரிந்துகொள்கிறது. ஜவுளிக்கடையில் வேலை முடித்து இரவு வீடு திரும்புகிற ஆளுக்கு அந்த வசதி எங்கே? அவரைச் சுற்றி ஆங்கிலம் பேச யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் நிறைய வாக்கியங்களைக் கட்டும் வழி அவருக்கு வேண்டும், இலக்கணம் அந்த வழி.

ஒத்துக்கொள்கிற பாதி இது. பெயர்ப்பட்டியல் வேண்டாம். நவுன், ப்ரோநவுன், அட்வெர்ப் என்று எட்டுப் பிரிவு மனப்பாடம் செய்கிறோமே, அந்த எட்டு என்ற கணக்கே கிரேக்க, லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்தது. 1586-ல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்டபோது லத்தீன் இலக்கணத்தை மாதிரியாக வைத்தே எழுதினார். ஆங்கிலத்தின் உண்மையான உடம்புக்கு அந்தச் சட்டை அளவெடுத்துத் தைத்ததாக இல்லை. தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்துகிறது. தொடங்குகிறவருக்குப் பெயர், வினை இரண்டும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

பெயர், வினை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எது எங்கே நிற்கிறது என்பது ஆங்கிலத்தில் உயிர்நாடி.

‘முருகன் வள்ளியைப் பார்த்தான்’, ‘வள்ளியை முருகன் பார்த்தான்’. எப்படிப் புரட்டினாலும் பார்த்தவன் முருகனே. ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வள்ளியை விட்டு நகராது. ஆங்கிலத்தில் ‘முருகன் ஸா வள்ளி’ என்பதை ‘வள்ளி ஸா முருகன்’ என்று புரட்டினால் பார்த்தவள் வள்ளியாகிவிடுகிறாள். உருபு இல்லாத மொழியில் இடம்தான் உருபு. பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன, அவை தேய்ந்துபோன பிறகு வரிசை இறுகிவிட்டது. இன்று மிச்சம் இருப்பது ‘ஐ, மீ, மை’, ‘ஹி, ஹிம், ஹிஸ்’ போன்றவற்றில்தான். ‘நான், என்னை, என்’ தெரிந்தவருக்கு இவை புதுசே இல்லை.

ஜூன் 9

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. ‘ஹேவ் துணைவினை என்கிறீர்கள். அப்படியானால் ஐ ஹேவ் எ பைக் என்பதைக் கேள்வியாக்கும்போது ஹேவ் யூ எ பைக் என்று வரணுமே?’

4-ம் தேதி எழுதியதில் இந்த இடத்தைத் தனியாகப் பிரிக்கவில்லை. ‘ஐ ஹேவ் எ பைக்’ என்பதில் ‘ஹேவ்’ யாருக்கும் துணை போகவில்லை, அதுவே முக்கிய வினை. ஆகவே அதற்கும் ‘டூ’ வேண்டும்: ‘டூ யூ ஹேவ் எ பைக்?’ ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்பதில் ‘ஈட்டன்’ முக்கிய வினை, ‘ஹேவ்’ துணை, அதனால் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ பழைய பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யூ எ பைக்?’ வகைக் கேள்வியும் உண்டு, கேட்டால் திகைக்க வேண்டாம். நாம் ‘டூ’வோடு பழகுவோம்.

‘டூ’வும் அப்படியே இரட்டை வேடம் போடும். ‘வாட் டூ யூ டூ?’ என்பதில் முதல் ‘டூ’ துணை, இரண்டாவது ‘செய்’.

‘ஆம், இஸ், ஆர்’ குடும்பம் மட்டும் தனி ரகம். அது முக்கிய வினையாக நின்றாலும் இன்னொரு துணையைக் கேட்காது. ‘ஆர் யூ எ டெய்லர்?’ அவ்வளவுதான். ‘டூ யூ எ டெய்லர்’ என்று என் வகுப்பில் அடிக்கடி வருகிறது. காரணம் புரிகிறது. ‘நீங்க டெய்லரா?’ என்பதில் வினையே இல்லை. ‘அவர் டாக்டர்’ என்று வினையில்லாமல் முழு வாக்கியம் சொல்லும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் முழு வாக்கியத்துக்கு வினை வேண்டும், அந்தக் காலி இடத்தில் ‘இஸ்’ வந்து உட்காருகிறது.

ஜூன் 10

இதையும் இன்றே எழுதிவிடுகிறேன். ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்கள் தமிழர்களைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல.

எனக்குத் தெரியும் – ‘ஐ நோ’. எனக்குப் பசிக்கிறது – ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்கு வேண்டும் – ‘ஐ வான்ட்’. எனக்கு ரெண்டு பொண்ணுங்க – ‘ஐ ஹேவ் டூ டாட்டர்ஸ்’. எனக்கு வயசு நாற்பது – ‘ஐ ஆம் ஃபார்ட்டி’. எனக்குக் காய்ச்சல் – ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’.

தமிழில் எல்லாம் ஒரே நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் எல்லாமே ‘ஐ’ என்று எழுவாயாகிவிட்டது, வினை மட்டும் மூன்று விதமாகப் பிரிகிறது. இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு தாளில் உங்கள் ‘எனக்கு’ வாக்கியங்களை எழுதுங்கள், உங்கள் வாழ்க்கையில் நிஜமாகச் சொல்கிறவற்றை. அவற்றுக்கு மட்டும் ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு அம்மா முதலில் எழுதிய வாக்கியம் ‘எனக்குப் பயமா இருக்கு’. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று சொல்லிக்கொடுத்ததும், ‘இதை இங்கிலீஷ்ல சொன்னா பயமே வரலையே சார்’ என்றார். வகுப்பே சிரித்தது, அவரும்தான்.

ஜூன் 13

‘மழை பெய்கிறது’ என்பதில் மழை எழுவாய். ‘இட் இஸ் ரெயினிங்’ என்பதில் ‘இட்’ யார் என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் இல்லை. எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த சொல். ‘இட் இஸ் ஃபைவ் ஓ கிளாக்’, ‘இட் இஸ் ஹாட்’ எல்லாம் இந்த வகை. வகுப்பில் ஒரு பையன் அது மேகம்தான் என்று சாதித்தான். மணி ஐந்து என்கிறபோது மேகம் எங்கே என்று பக்கத்தில் இருந்தவர் மடக்கிவிட்டார்.

ஜூன் 15

காலத்துக்கு வருவோம்.

‘வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் சொன்னால் இந்த நிமிடமும் ஆகலாம், வழக்கமாகவும் ஆகலாம். சந்தர்ப்பம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் இங்கே கண்டிப்பானது. வழக்கம் என்றால் ‘ஐ வொர்க்’, இப்போது என்றால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’. ‘எவ்ரி டே ஐ ஆம் கோயிங் டு டெம்பிள்’ என்று நாம் சொல்வது இங்கிருந்து வருகிறது.

இன்னொரு பக்கம், ‘நோ, வான்ட், லைக், பிலீவ்’ போன்ற மனநிலை வினைகளுக்கு ‘இங்’ பொதுவாக ஒட்டாது. ‘ஐ ஆம் நோயிங்’ என்பதை விட்டுவிடுங்கள். அறிவது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் வேலையாக ஆங்கிலம் அதைப் பார்ப்பதில்லை. சொந்தமாக வைத்திருப்பதும் அப்படியே: ‘ஐ ஹேவ் எ கார்’. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ என்பது சாப்பிடுதல், அது நடக்கிற வேலை.

ஜூன் 16

‘வந்திருக்கிறேன் என்றால் ஐ ஹேவ் கம், அதுதானே பெர்ஃபெக்ட் டென்ஸ்?’ என்று கேட்டவருக்கு: பெரும்பாலும் ஆமாம். ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் பிரிந்துவிடும்.

காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் ஈரம். ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறோம். தமிழில் அழகான வாக்கியம். இதையே ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால், ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் நைட்’, ‘இன் 2019’ எதுவானாலும், ‘ஹேவ்’வை விட்டுவிட்டுச் சாதாரண இறந்தகாலத்துக்குப் போக வேண்டும்: ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. நேரம் சொல்லாமல் ‘இட் ஹேஸ் ரெயின்ட்’ என்றால் சரி. தடயம் என்ற சேதியை வேறு வழியில் சொல்லலாம்: ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’.

அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பார்கள். இரண்டும் புழக்கத்தில் உண்டு, இதற்காகச் சண்டை வேண்டாம்.

ஜூன் 20

‘எ, ஆன், த’ பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

‘எ’யா ‘ஆன்’னா என்பது காது சமாசாரம், எழுத்து சமாசாரம் இல்லை. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ஆன்’. ‘யுனிவர்சிட்டி’ எழுத்தில் உயிர், ஒலியில் ‘யு’, அதனால் ‘எ யுனிவர்சிட்டி’. எம்.எல்.ஏ. எழுத்தில் மெய், சொல்லும்போது ‘எம்’ என்று உயிரில் தொடங்குகிறது, அதனால் ‘ஆன் எம்.எல்.ஏ.’

‘த’ கஷ்டம். ‘அந்த’ என்று பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள், அது போதாது. ‘ஷட் த டோர்’ என்பதற்கு ‘கதவைச் சாத்து’ என்போம், ‘அந்தக் கதவை’ என்று சொல்ல மாட்டோம். எனக்குப் பலன் தந்த வழி ஒன்று. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. இரண்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நமக்குள் முன்பே பேசிவைத்த புத்தகம். முதலாவது ‘ஐ பாட் எ புக்’. இரண்டாவது ‘ஐ பாட் த புக்’. எது ‘எ’, எது ‘த’ என்ற உணர்வு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை ‘ஐ’ உருபில் காட்டுகிறோம், அவர்கள் தனிச்சொல்லில் காட்டுகிறார்கள். இதை வகுப்பில் முதன்முறை எழுதிப்போட்டபோது பின்வரிசையில் ஒருவர் ‘அட!’ என்றார். அந்த ‘அட’வுக்காகவே கற்பிக்கத் தோன்றுகிறது.

ஜூன் 21

நேற்றைய குறிப்புக்கு வேலி போட வேண்டும். இந்த வழி பொருள்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஆட்களுக்குச் செயப்படுபொருளில் ‘ஐ’ எப்படியும் வந்துவிடும்: ‘ஒரு டாக்டரைப் பார்த்தேன்’. அங்கே ‘ஒரு’ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ‘எ’. எழுவாய்க்கு உருபே கிடையாது, அங்கேயும் உதவாது. எழுவாய்க்கு ஒரு கேள்வி போதும்: நாம் சொல்வதைக் கேட்கிறவருக்கு அது எது என்று தெரியுமா? தெரியும் என்றால் ‘த’.

ஜூன் 24

‘யூ ஒருவரைத்தானே குறிக்கிறது, பிறகு ஏன் யூ ஆர்?’ ஏனென்றால் ‘யூ’ முதலில் பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்காகப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பரவி, 17-ம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து ஒதுங்கிப்போனது. நமக்கு ‘நீங்கள்’ இருக்கிற மாதிரியே. ஒருவரைப் பார்த்து ‘நீங்கள் வந்தீர்கள்’ என்று பன்மை விகுதி போடுகிறோம் இல்லையா, ‘யூ ஆர்’ அதேதான்.

ஜூன் 28

கடைசியாக வந்த கேள்வி அனுபவத்திலிருந்து வந்தது, அதனால் நீளமாக எழுதுகிறேன். நேர்காணலில் ‘டிட்ன்ட் யூ ஃபினிஷ் யுவர் டிகிரி?’ என்று கேட்டார்களாம். முடிக்காத இவர் ‘யெஸ்’ என்றாராம். முடித்துவிட்டதாக எழுதிக்கொண்டார்களாம். பிறகு சான்றிதழ் கேட்டபோது சங்கடம்.

இவர் பொய் சொல்லவில்லை. ‘நீங்க டிகிரி முடிக்கலையா?’ என்று தமிழில் கேட்டால், ‘ஆமாங்க, முடிக்கலை’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிற ‘ஆமாம்’ அது. முடித்திருந்தால் ‘இல்லைங்க, முடிச்சுட்டேன்’ என்போம். ஆங்கிலத்தில் ‘யெஸ், நோ’ கேட்டவரின் பேச்சைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கிறது. முடித்தேன் என்றால் எப்படிக் கேட்டாலும் ‘யெஸ், ஐ டிட்’. முடிக்கவில்லை என்றால் எப்படிக் கேட்டாலும் ‘நோ, ஐ டிட்ன்ட்’. தனியாக ‘யெஸ்’ என்று நிறுத்தாதீர்கள். துணைவினையைச் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். குழம்பி ‘யெஸ், ஐ டிட்ன்ட்’ என்று வந்தால்கூடப் பின்பாதியைக் கேட்டு எதிரில் இருப்பவர் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்.

‘இஸின்ட் இட்’ பற்றியும் இங்கேயே. நம் ‘இல்லையா’ எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டும். ஆங்கிலத்தில் வால்கேள்வி துணைவினையைப் பார்த்து மாறும்: ‘யூ கேம் யெஸ்டர்டே, டிட்ன்ட் யூ?’, ‘ஷி கேன் டிரைவ், கான்ட் ஷி?’ வராவிட்டால் ‘ரைட்?’ என்று கேட்டுவிடுங்கள், பேச்சில் அது பரவாயில்லை.

ஜூன் 30

‘நேற்று வந்த பையன்’ போன்ற பெயரெச்சத் தொடரை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டவர் தனி இழை தொடங்குங்கள், அது பெரிய பொருள். இப்போதைக்கு ஒன்று: நாம் ‘நேற்று வந்த’ என்பதைப் பையனுக்கு முன்னால் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள், ‘த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’. முதலில் பையனைச் சொல்லிவிட்டு, ‘ஹூ’ போட்டு, மிச்சத்தைச் சொல்லுங்கள். பொருளாக இருந்தால் ‘தட்’.